பச்சை லைட் வந்தால் அழுத்து

கண்ணு,

இதை நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். நம் வீட்டுச் சமையல் மேடைமேல் பேப்பரை வைத்து, கைத்தடியைக் கதவோரம் சாத்திவிட்டு, உடம்பு பாரத்தை எல்லாம் ஆபரேஷனில் வைத்த புது முட்டிமேல் போட்டு நிற்கிறேன். நாற்காலி பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டுமென்றேதான் உட்காரவில்லை. காலையில் ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் ரயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். ரயிலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போக முடிகிறதே என்று போனேன். பழைய முட்டி வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தது, புதுசு அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. யாராவது பார்த்து "இன்னாண்ணா, இவ்ளோ தூரம் நடந்தா வந்த?" என்று கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் நானே ரெண்டு பேரை நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். தை மாசம் உன் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிகிற வரைக்கும் மேடையில் நிற்கப் போகிறேன். பெண் அழைப்பில் பேண்டுக்கு முன்னால் ஆடவும் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "டாக்டர் முட்டியத்தான் மாத்தறாரு, வயச மாத்தல" என்றாள்.

அதற்கு இன்னொரு முட்டியும் மாறியாக வேண்டும். திங்கட்கிழமை, போன தடவை மாதிரியே பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அங்கேயே இருந்து நீ எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாய், எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தை யாரையும் கேட்காமல் முடிவு செய்திருக்கிறாய். வலிக்கு அந்த பம்ப் இந்த முறை கூடவே கூடாது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாய். என் பக்கத்தில் உட்கார வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று அவள் தம்பி, உன் தேவராஜ் மாமா மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அம்மாவிடம் நேராகச் சொல்லவில்லை. அந்த இரண்டு முடிவையும் நீ மாற்ற வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதுவும் இல்லாமல் ஒட்டி ஒட்டிக் கட்டின நம் லைன் வீட்டில் போனில் பேசினால் அம்மாவுக்கு மட்டும் இல்லை, அடுத்த வீட்டுக்கும் கேட்கும். இப்போது அவள் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடித்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். போன வாரம் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படித்துவிட்டு உன் சினேகிதர்களுக்கும் காட்டு. அவர்கள் வீட்டிலும் அப்பா அம்மாவுக்கு முட்டி தேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

முதல் ஆபரேஷனில் இருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து கேள். ஆபரேஷன் முடிந்து இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது தெளிய ஆரம்பித்தபோது, கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள், அதுதான் அந்த பம்ப். அதற்குள் மார்ஃபின் ஜாதி மருந்து. பெட்டியிலிருந்து ஒரு குழாய் என் கை நரம்புக்கு வந்தது, ஒரு ஒயர் என் உள்ளங்கைக்கு வந்தது. ஒயர் முனையில் ஒரு பட்டன். வலித்தால் நானே அழுத்த வேண்டியதுதான், கொஞ்சம் மருந்து நேராக ரத்தத்தில் இறங்கும். ஒருமுறை இறங்கியதும் பெட்டி கொஞ்ச நேரம் தன்னைப் பூட்டிக்கொள்ளும், அப்போது விடாமல் அழுத்தினாலும் ஒரு சொட்டு வராது. மறுபடி தயாரானால் பட்டனில் பச்சை லைட் எரியும். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சர்வீஸ் முழுக்க ஃபேக்டரியில் கிரேன் லிவரைப் பிடித்த கை இது. என் வலியை நானே ஓட்டப் போகிறேன் என்று நினைத்தேன். பெட்டியை மாட்டிய நர்ஸ் பங்காரப்பேட்டைக்காரப் பெண். நம் பக்கத்து ஆள் என்பதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயரே பங்காரப்பேட்டை சிஸ்டர். "அங்கிள், இந்த பட்டன் உங்க கைக்கு மட்டும்தான். வேற யாரும் தொடக்கூடாது, ஆய்த்தா?" என்றாள். நானும் பாதி மயக்கத்தில் கன்னடத்திலேயே "ஆய்த்து, ஆய்த்து", சரி சரி என்று தலையாட்டினேன். அம்மாவும் மாமாவும் அப்போது கீழே டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்ததும் மாமா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் வேலை பார்த்த ஆள், எந்த மெஷினைப் பார்த்தாலும் சும்மா இருக்க மாட்டார். மார்ஃபின் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "மாமா, அது போதை மருந்து. ஒருவாட்டி பழகிட்டா விடாது. பல்லைக் கடிச்சினு இரு" என்றார். உன் மாமாவுக்கு வைத்தியத்தில் இரண்டே கொள்கைதான். மாத்திரை என்றால் ஏமாற்று வேலை, பாட்டில் ஏற்றினால் நல்ல டாக்டர். ஆனால் பாட்டிலில் மார்ஃபின் என்றால் மூன்றாவதாக ஒரு கொள்கை வைத்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. நானும் அதைக் கேட்டேன். ஆபரேஷன் வலிக்கு டாக்டர் பார்வையில் சில நாள் கொடுக்கிற மருந்து வேறு, வலியே இல்லாமல் போதைக்காகத் தேடிப் போவது வேறு என்று மயக்க டாக்டர் பிறகு பொறுமையாகச் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தாமல் படுத்திருந்தேன். சிஸ்டர் வந்து "வலி எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டால் "ஒண்ணியும் இல்லம்மா" என்பேன். அவள் போனதும் படுக்கை விரிப்பைப் பிடித்துத் திருகுவேன். அதைப் பார்த்துக்கொண்டு இருந்தது உன் அம்மா.

மறுநாள் காலையில் உடற்பயிற்சி கொடுக்கிற ஃபிசியோ வந்து காலை மடக்கச் சொன்னான். முடியவில்லை. முட்டியில் கை வைக்கும் முன்னாலேயே நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் கோபித்துக்கொண்டான். "வலி மருந்து எடுத்துக்கிட்டாதான் சார் மடக்க முடியும். மடக்கினாதான் நடக்க முடியும். மெஷின் எதுக்கு மாட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தக் கேள்வி அம்மாவுக்கு உள்ளே போய்விட்டது. நான் அழுத்த மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மாமாவுக்கும் என் சத்தத்தைக் கேட்டதும் போதைக் கொள்கை பறந்துவிட்டது. பறந்ததோடு நிற்கவில்லை, எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் நடந்ததைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று நீயே சொல்வாய். இரண்டு பேரும் பட்டனுக்கு ஷிஃப்ட் போட்டார்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மாமா, சாப்பாட்டுக்கு மேல் செகண்ட் ஷிஃப்ட் அம்மா. மெஷின் என்றால் அதன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், ஓட்டம் நிற்கக் கூடாது என்று பழகிய குடும்பம் அல்லவா? மாமா டியூட்டி மாற்றும்போது ரொம்ப ஒழுங்காக ஒப்படைத்திருக்கிறார். "அக்கா, பச்சை லைட் வந்தா அழுத்து. லைட் போனா வுட்டுடு. மறுபடி வந்தா மறுபடி அழுத்து. மாமா தூங்கினு கீறாரு, எழுப்பாத."

எனக்கு வலி தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நினைத்தது. நான் தூங்குவதைப் பார்த்து இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். என் குறட்டையை உனக்குத் தெரியும், அது நம் லைன் முழுக்கப் பிரசித்தம். குறட்டை வந்துவிட்டது, இனிமேல் கவலை இல்லை என்று மாமா சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாராம். நான் தூங்கத் தூங்கப் பச்சை லைட் வந்துகொண்டே இருந்தது, அம்மாவும் அழுத்திக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் என் மூச்சு மந்தமாகிவிட்டது. நர்ஸும் டாக்டரும் ஓடி வந்து பம்பை நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள். நான் கண் விழித்தபோது வலி மொத்தமாகத் திரும்பி வந்திருந்தது, சுற்றிலும் கூட்டம், நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ ஆபீஸிலிருந்து வந்தாய். பட்டனை யார் அழுத்தினார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா "நான்தான்" என்றாள் என்பதை நர்ஸ் ஸ்டேஷனில் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீ நேராக வந்து, வார்டில் அத்தனை பேர் முன்னாலும், "உனக்கு அறிவு கீதா இல்லியாம்மா? அப்பாவ கொன்னிருப்ப" என்று கத்தினாய். அவள் ஃபிளாஸ்க் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

நான் உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன், என் தொண்டை உன்னுடையதை விடப் பெரிசு. ஆனால் அன்றிலிருந்து நீ அம்மாவிடம் பேசுவது "சாப்டியா", "மாத்திரை போட்டியா", "அப்பாகிட்ட குடு" என்ற மூன்றோடு முடிந்துபோகிறது. கல்யாணப் புடவையைக்கூட போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்பினாய். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பத்திரிகையில் போட வேண்டிய பெயர்களைக்கூட என்னிடம்தான் கேட்டாய். உன் அத்தைகள் பெயரெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? அவளிடம் கேட்டுத்தான் உனக்குச் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தபால்காரனாக வைத்துக் குடும்பம் நடத்துகிறீர்கள்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம், இருதயம் எல்லாம் பார்க்க வரச் சொன்னார்களே, நானும் அம்மாவும் போனோம். அம்மா வார்டுப் பக்கமே வரமாட்டேன் என்று கீழே ஹாலில் உட்கார்ந்துவிட்டாள். டெஸ்ட் முடிந்து நான் கீழே வந்தபோது பங்காரப்பேட்டை சிஸ்டர் அந்தப் பக்கம் போனாள். என்னைப் பார்த்து நின்றாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபைலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவள் விடவில்லை. "ஆன்ட்டி, எவ்ளோ நாளாச்சு. உங்களைப் பத்தி புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்வேன்" என்றாள். நோயாளியை மேலே அனுப்பப் பார்த்தவள் என்று சொல்லிக் கொடுக்கிறாளோ என்று நினைத்தேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னது இது. "அங்கிளுக்குத் தெரியாதா? அன்னிக்கு நான் பக்கத்து ரூம்ல டிரிப் மாத்திட்டு இருந்தேன். கொஞ்சம் முன்னாடிதான் உங்களைப் பாத்துட்டுப் போனேன், அப்போ சரியாத்தான் இருந்தீங்க. ஆன்ட்டி ஓடி வந்தாங்க. 'அவரு குறட்டை சரியில்ல, வுட்டு வுட்டு வருது, எழுப்பினா முழிக்க மாட்டறாரு' அப்படின்னாங்க. நான் கையில இருந்ததை அப்படியே வெச்சிட்டு ஓடினேன். இந்த மருந்துல எங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுக்கறதே அதுதான் அங்கிள். தூக்கம் ஜாஸ்தியாகும், எழுப்பினா எழ மாட்டாங்க, மூச்சு விட்டு விட்டு வரும். ஆனா பாக்கறவங்க குறட்டை விட்டு நல்லா தூங்கறாருன்னு நினைச்சுப்பாங்க. நான் அடுத்து வர்றதுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆன்ட்டி அப்பவே கூப்பிட்டதால உங்களுக்கு ஒண்ணும் ஆகல." சொல்லிவிட்டு அம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணு, இத்தனை மாதமாக என்னைக் காப்பாற்றியது ஏதோ மெஷின் கூவியதால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். கூவியது உன் அம்மா. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் குறட்டை பக்கத்தில் படுத்து, அது எப்போது ஏறும், எப்போது இறங்கும், எப்போது முதுகில் ஒரு இடி கொடுத்தால் அடங்கும் என்று தெரிந்தவள். அந்த சத்தத்தில் ஒரு இடைவெளி விழுந்ததும், அது அடுத்ததில் நீண்டதும் அவளுக்குக் கேட்டுவிட்டது. பச்சை லைட் அப்போதும் எரிந்துகொண்டிருந்ததாம். பட்டனைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். எனக்கு அங்கேயே கூத்தாட வேண்டும்போல் இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு "காபி சாப்பிடலாமா?" என்று கேட்டேன். அவள் "ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று. அவள் கடலை வாங்கி உரித்துக்கொண்டிருந்தாள். தோலை மடியில் போட்டு, பருப்பை என் கையில் போட்டுக்கொண்டே சொன்னாள். "சொன்னா இன்னா ஆவும்? நான் அழுத்தினது இல்லன்னு ஆயிடுமா? அவன் பேசினது தப்பில்ல. அப்பனுக்காகத்தானே கத்தினான்." அன்று பட்டனில் கை வைத்தவர்களில் மாமாவும் உண்டு என்பது அப்போதுதான் அவள் வாயிலிருந்து வந்தது, அதையாவது முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "அவன் நம்ம கல்யாணத்துல இருந்து உனக்கு ஓடியாடினு கீறான், அவன் பேரை இன்னாத்துக்கு இழுக்கணும்?" என்றாள். வீட்டுக்கு வந்து மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா வாயத் தொறக்காதன்னு சத்தியம் வாங்கிச்சு மாமா" என்றார். இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மனுஷன் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.

உனக்கு ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? ஃபேக்டரியில் குடும்பத்தை எல்லாம் உள்ளே விடுவார்களே. நீ சின்னப் பையன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாய். நான் மேலே கிரேன் கேபினில். கொக்கிக்கு மாலை, லிவருக்குச் சந்தனம். உனக்கு அப்பாவை வேலை வாங்க வேண்டும் என்று ஆசை. கீழே இருந்து விரலை மேலே சுழற்றி, தூக்கு தூக்கு என்று சைகை காட்டினாய். நான் அசையவில்லை. கிரேனில் தூக்கச் சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை, அன்றைக்கு அது கீழே நின்று சைகை காட்டுகிற சிக்னல்காரருக்கு. அவர் காட்டியபோதுதான் கொக்கியை எடுத்தேன். நீ உதட்டைப் பிதுக்கினாய். அப்புறம் கிரேன் நகர ஆரம்பித்தபோது, தூணில் கட்டியிருந்த வாழை மரத்தில் மாலை சிக்கி இழுத்தது. சிக்னல்காரர் பார்க்கவில்லை. நீ பார்த்துவிட்டு இரண்டு கையையும் விரித்து உயர்த்தினாய். அந்த நொடியே நிறுத்தினேன். சாயங்காலம் வீட்டில் நீ கேட்டாய், தூக்குன்னா தூக்கல, நிறுத்துன்னா மட்டும் ஏன் நிறுத்தின என்று. அதுதான் எங்கள் சட்டம் என்றேன். தூக்கச் சொல்ல ஒருத்தன். நிறுத்தச் சொல்ல அங்கே நிற்கிற யார் வேண்டுமானாலும்.

அந்தப் பெட்டிக்கும் இதே சட்டம்தான் என்று இப்போது புரிகிறது. மருந்து அதிகமானால் நோயாளிக்குத் தூக்கம் வரும். தூங்குகிறவன் பட்டனை அழுத்த மாட்டான். அவன் அழுத்தாததால் மருந்து தானாக நிற்கும். அவன் தூக்கம்தான் அந்த மெஷினுக்கு பிரேக். பக்கத்தில் இருக்கிறவர் பாசத்தில் அவனுக்காக அழுத்தினால் அந்த பிரேக்கைக் கழற்றிவிட்டதாகிவிடும். அதனால் பட்டன் என் கைக்கு மட்டும், அது அம்மாவானாலும் சரி, நீயானாலும் சரி. ஆனால் எனக்குத் தூக்கம் அதிகமாக இருக்கிறது, கூப்பிட்டால் பதில் குழறுகிறது, மூச்சு வித்தியாசமாக இருக்கிறது என்று தோன்றினால் நர்ஸைக் கூப்பிட யார் வேண்டுமானாலும் ஓடலாம். தப்பாகக் கூப்பிட்டுவிட்டோமோ என்று கூச்சமே படக் கூடாது. போன தடவை இதைப் பாதி மயக்கத்தில் இருந்த என்னிடம் சொன்னார்கள், நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தடவை மயக்க டாக்டர், நான் தெளிவாக இருக்கும்போதே, டெஸ்டுக்குப் போன அன்று கீழே தன் ரூமுக்கு அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அவள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

அந்த டாக்டர் ரொம்ப நல்ல மனுஷர், எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம்போல இருந்தது. குறட்டை விடுவீர்களா என்று என்னைக் கேட்டார். போன தடவையும் இதே கேள்விக்கு நான் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை, நான் ஒருநாளும் கேட்டதில்லையே. நான் இந்த முறையும் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "விடுவாரு, நடுவுல நிக்கும், நான்தான் இடிப்பேன்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளிடமே கேட்க ஆரம்பித்தார். அப்படிக் குறட்டை விடுகிறவர்களுக்கு இந்த மருந்தை இன்னும் ஜாக்கிரதையாகக் கொடுக்க வேண்டுமாம். அதனால் இந்த முறை முதலில் காலுக்குப் போகிற நரம்பை ஊசி போட்டு மரத்துப் போகச் செய்வார்களாம். சாதாரண வலி மருந்து நேரத்துக்கு நேரம் ஏறும். அதற்கு மேலும் வலித்தால் மட்டும் பம்ப், அதுவும் குறைந்த அளவில், விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்போடு. வீட்டிலிருந்து தூக்க மாத்திரை, இருமல் மருந்து என்று எதையும் அவரைக் கேட்காமல் கொண்டு வந்து கொடுக்கக் கூடாது. நான் வாயால் விழுங்க ஆரம்பித்ததும் ஊசி போய் மாத்திரை வந்துவிடும். பாட்டிலை எடுத்துவிட்டால் நம்மைக் கவனிக்கவில்லை என்று மாமா சண்டைக்குப் போவார், அவரை நீ பிடித்துக்கொள்.

ஆகையால் பம்ப் வேண்டாம் என்று சொன்னதை நீ திரும்ப வாங்கிக்கொள். எவ்வளவு வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். வலியைத் தாங்கிக்கொண்டு படுத்திருந்தால் காலை மடக்க முடியாது, மடக்காவிட்டால் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் உனக்கு அட்சதை போட வேண்டும். எனக்கு அது வேண்டாம். நானும் இந்த முறை "ஒண்ணியும் இல்ல" என்று சொல்ல மாட்டேன், வலித்தால் வலிக்கிறது என்பேன். நாளைக்கு உன் பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றோ உனக்கே ஒரு ஆபரேஷன் என்றோ வந்தால், நீயும் தாங்கிக்காட்டி யாருக்கும் மெடல் வாங்கப் போவதில்லை. கேள், வாங்கிக்கொள், உன் பட்டனை நீயே வைத்துக்கொள். பக்கத்தில் உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரை உட்கார வை.

எனக்கு அந்த ஒருவர் யார் என்று உனக்கு இப்போது தெரியும். நீ ஏற்பாடு செய்த ஆள் நல்லவராகவே இருக்கட்டும். என் குறட்டையில் எது சரி, எது சரியில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் காதில் விழுந்தால் இரைச்சல் என்று பஞ்சு வைத்துக்கொள்வார். எனக்கு என் பக்கத்தில் உன் அம்மா வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், வர மாட்டேன் என்கிறாள். "புள்ள வேணான்னு சொல்லிட்டான்" என்கிறாள். நான் கூப்பிட்டால் வரமாட்டாள். நீ கூப்பிட்டால்தான் வருவாள்.

கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். முடித்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற பையை நேற்றே கட்டி வைத்துவிட்டாள், போன தடவை கொண்டு போன அதே நீலப் பை. எல்லாம் சரியாக வைத்திருக்கிறாளா என்று இன்று காலை திறந்து பார்த்தேன். என் லுங்கி, பனியன், துண்டு, சீப்பு, எண்ணெய், நான் சாய்ந்துகொள்கிற சின்னத் தலையணை, எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி அடுக்கியிருக்கிறது. இன்னொரு பக்கம் இரண்டு புடவை வைக்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அவளுக்கு போன் பண்ணு. எனக்கு இல்லை, அவளுக்கு.

அப்பா